மடிப்புக்குள் ஐந்தாவது பத்தி

மூஸ் ஜா ஊருக்குத் தெற்கே ஒரு பண்ணையில், டோபியாஸ் ஹோஃபர் இரும்புக் குதிருக்குள் இறங்கி, கோதுமையில் புதைந்து செத்தான். குதிரின் அடியில் தானியத்தை வெளியே இழுக்கும் திருகுத் தண்டை ஓட்டியது, ரெஜைனா நகரில் பதினான்கு பேர் கொண்ட ஒரு நிறுவனம் எழுதிய மென்பொருள். அதற்குக் கையேடு எழுதியவள் மரித் லிண்ட்க்விஸ்ட்.

ஏணியடியில் அவன் போன் கிடந்தது. கையேட்டில் ‘குதிருக்குள் இறங்கும் முன்’ என்ற பக்கம் அதில் திறந்தபடி இருந்தது.

“நம்ம கையேட்டைப் படிச்ச ஒரே ஆளு, அவனும் போய்ட்டான்,” என்றான் முதலாளி வெண்டல். யாரும் சிரிக்கவில்லை. அவனும் சிரிக்கவில்லை.

மறுநாள் விபத்தை விசாரிக்க ஆய்வாளர் வருகிறார். அவன் உள்ளே இருந்தபோது மின்சாரம் போய்த் திரும்பியது; அப்படித் திரும்பினால் திருகு தானாகவே ஓடும் என்ற எச்சரிக்கை அவன் படித்த பக்கத்தில் இருந்ததா என்பதுதான் கேள்வி.

“இருக்கு,” என்று மரித் தன் கணினியைத் திருப்பிக் காட்டினாள். ஐந்தாவது பத்தி. மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டாமல் இறங்காதே.

வெண்டல் மூச்சு விட்டான்.

கையேட்டை எந்த வடிவில் தருவது என்று இரண்டு வருடம் முன்பு மதிப்பெண் போட்டு முடிவு செய்தவள் அவள்தான். பிடிஎஃப் போனில் எறும்பெழுத்தாகத் தெரிந்தது. வெறும் எழுத்துக் கோப்பில் படம் இல்லை. மென்பொருளுக்குள்ளேயே வரும் உதவிப் பெட்டி இணைய இணைப்பு போனால் வெறுமை. போனிலேயே சேமித்துக்கொள்ளக்கூடிய, தொட்டால் விரியும் மடிப்புகள் வைத்த வலைப்பக்கம் ஜெயித்தது. ஒரு பக்கம் போனின் ஒரு திரைக்குள் அடங்க வேண்டும், அடங்காதது மடிப்புக்குள் போக வேண்டும் என்று விதி வைத்தவளும் அவளே.

கண்காட்சிக்கு வாங்கிய புதுக் கையடக்கக் கணினி ஒன்று பெட்டி பிரிக்காமல் இருந்தது. அவள் அதை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

நான்கு பத்திகள். அதன் கீழே சாம்பல் நிறத்தில் ‘மேலும் விவரங்கள்’ என்று ஒரு வரி. முதல்முறை திறக்கிறவருக்கு அவ்வளவுதான் தெரியும்.

படிப்பவர் ஒருமுறை விரித்த மடிப்பை அவரவர் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். எழுதிய அன்று அவள் விரித்தாள். அதன்பின் அவளுக்கு அது மூடியே இருந்ததில்லை. சரிபார்த்த எல்லோரும் அவள் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் திரையில் சரிபார்த்தார்கள். அங்கே வழக்கம் அது.

வெண்டலைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“பிடிஎஃபா எடுத்தா எல்லா மடிப்பும் விரிஞ்சுடும்ல? அதை அச்செடுத்துக் குடு.”

“அவன் படிச்சது அது இல்ல, வெண்டல்.”

“எச்சரிக்கை இருந்துச்சான்னுதான் கேப்பாங்க. இருந்துச்சு. உன்னைப் பொய்யா சொல்லச் சொன்னேன்?”

“இல்ல.”

“பதினாலு குடும்பம். அதுல ஒண்ணு உன்னுது.”

காலையில் ஆய்வாளர் லொரேய்ன் சாவ்ச்சக் வந்தார். ஜாக்கெட்டைக் கழற்றவில்லை. வெண்டல் அச்செடுத்த கையேட்டை அவர் முன் வைத்தான். நாற்பத்தோராம் பக்கத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

மரித் அதன்மேல் கையடக்கக் கணினியை வைத்தாள். மடிப்பு மூடியிருந்தது.

“இதைப் படிங்க. நீங்களே குதிர்ல இறங்கப் போறதா நெனச்சுக்கிட்டுப் படிங்க.”

“மரித்,” என்றான் வெண்டல்.

லொரேய்ன் வரிவரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசிவரை போனார். மறுபடி மேலே வந்து இன்னொரு முறை படித்தார்.

“ம். படிச்சாச்சு.”

“இறங்குவீங்களா?”

“திரையில திருகுத் தண்டை நிறுத்தியாச்சு. உள்ள காத்து எப்படின்னு பாத்தாச்சு. வெளில ஆள் நிக்குது. இறங்க வேண்டியதுதான்.”

மரித் சாம்பல் வரியைத் தொட்டாள். ஐந்தாவது பத்தி விரிந்தது.

லொரேய்ன் அதைப் படித்தார். பிறகு அச்சுக் கையேட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார்.

“இப்படி மடிச்சு வைக்கலாம்னு யாரு முடிவு பண்ணாங்க?”

வெண்டல் ஜன்னலைப் பார்த்தான்.

“நான்,” என்றாள் மரித்.

“முழுப் பேரு சொல்லுங்க. மெதுவா.”

அவள் சொன்னாள்.