ஆர்டிஸ் நின்றால்

1.
இந்தக் கதை ஒரு கிண்ணம் கோஸ் சாலட்டில் பிறந்தது. சென்ற வெள்ளிக்கிழமை, எங்கள் ஊர் பாரில் வழக்கமான பொரித்த மீன் சாப்பாடு. (குடும்பக் கதை எழுதுகிறவளுக்கு அரசியலில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். பக்கத்து மேஜை பேசினால் காதை எங்கே கொண்டுபோய் வைப்பது?)

எங்கள் செனட்டர் நீதிபதி வேலை கிடைத்ததும் மாநில செனட் இடத்தைக் காலி செய்துவிட்டார். இடைத்தேர்தல் வருகிறது. தீவனக் கடை மெர்ல் தன் தட்டிலேயே தொகுதியைப் பரப்பிவிட்டார்.

"வடக்குப் பண்ணைங்க இந்த மீன். அது எங்க குடியரசுக் கட்சிக்கு, சந்தேகமே இல்ல. காலேஜ் டவுன் இந்த உருளைக்கிழங்கு, ஜனநாயகக் கட்சிக்கு. பேப்பர் ஆலை ஊரு இருக்கு பாரு, இந்தக் கோஸ் சாலட், அது எந்தப் பக்கம் ஒழுகுதோ அவன்தான் செனட்டர்."

2.
முதலில் இப்படித் தொடங்கினேன்: "இரு கட்சிகளின் வாய்ப்புகளும் சமமாக இருந்த அந்த மார்ச் மாதத்தில்..."

அடித்துவிட்டேன். யாருக்கு எங்கே வலிக்கிறது என்று அதில் இல்லை.

வலி மெர்லின் மேஜையிலேயே உட்கார்ந்திருந்த ஆர்டிஸுக்கு. பள்ளி வாரிய உறுப்பினர், ஜனநாயகக் கட்சி. அன்று காலை மாநிலத் தலைநகர் மேடிசனிலிருந்து கட்சிக்காரர்கள் போனில் கூப்பிட்டு, "நீங்கதான் நிக்கணும். சாயங்காலம் பதில் சொல்லுங்க" என்றிருந்தார்கள். நிற்க அவளுக்குக் கொள்ளை ஆசை. ஆனால் அவள் கணவர் டுவேன் எங்கள் மாவட்டத்தின் குடியரசுக் கட்சித் தலைவர். வீட்டு முன் புல்வெளியில் இரண்டு கட்சி வேட்பாளர்களின் பலகைகளையும் நட்டுக் குடித்தனம் நடத்துகிறவர்கள்தான். பலகையில் வேறு யாரோ பெயர் இருக்கும்வரை சரி. அவள் பெயரே இருந்தால்? அவளைத் தோற்கடிக்க அவரே வீடு வீடாகப் போக வேண்டுமே! அவள் இன்னும் அவரிடம் வாய் திறக்கவில்லை.

3.
டுவேனை எப்படி எழுதுவது? ஒரு வரைவில் மேஜையைக் குத்தி எழுந்திருக்க வைத்தேன். ஆனால் நான் பார்த்த டுவேன் மனைவியின் மீனில் எலுமிச்சை பிழிந்துகொண்டிருந்தார்.

மெர்ல் வம்புக்கு இழுத்தார். "தலைவரே, உண்மையச் சொல்லு. எதிர்த்தாப்புல யாரு நின்னா உனக்கு வயித்தக் கலக்கும்?"

(யார் நின்றாலும் ஜெயிப்போம் என்பதுதான் கட்சித் தலைவர்களின் பதில். ஊருக்கே மனப்பாடம்.)

"இவ நின்னா" என்றார் டுவேன். "ஆலை ஊருக்கு ஸ்கூல் பஸ்ஸ நிறுத்தப் போனப்ப சண்ட போட்டுக் காப்பாத்துனவ. நம்ம ஆளுங்களே பாதிப் பேரு இவளுக்குப் போட்டுருவாங்க."



"என்னைக் கூப்பிட்டது உனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஆர்டிஸ்.

"காலையில போன எடுத்துக்கிட்டு மாட்டுக் கொட்டாய்க்கு ஓடுன. மாட்டுக்கா போன் வந்துச்சு?"

"நீ தலைவரா இருக்கறப்ப நான் எப்படி..."

"அந்தப் பதவிக்கு மெர்ல் அலையறான். எடுத்துக்கட்டும். உனக்கு எதிரா ஒரு கதவக்கூட நான் தட்ட மாட்டேன். ஓட்டு மட்டும் கேக்காத. அது எங்க கட்சிக்குத்தான்."

"துரோகி!" என்றவளுக்குச் சொல்லும்போதே சிரிப்பு பீறிட்டது. காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் எங்கே போனதென்றே தெரியவில்லை.*

* இங்கே முத்தம் ஒன்று வைத்திருந்தேன். மெர்ல் பார்த்துக்கொண்டிருந்ததால் எடுத்துவிட்டேன்.

4.
முடிவு அ: நிற்கிறாள். ஆலை ஊர் அவள் பக்கம் சாய்கிறது. டுவேன் தன் கட்சிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்து அவளுக்குக் கேக் வெட்டுகிறார்.

முடிவு ஆ: நிற்கவில்லை. கேட்டார்கள், இவரும் தடுக்கவில்லை, அதுவே போதும் என்று...

இல்லை. இரண்டும் அந்தச் சிரிப்புக்கு முன்னால் சிறுத்துப்போகின்றன.

இதோ, அவள் போன் அடிக்கிறது. டுவேனின் தோளை அழுத்திவிட்டு எழுந்து வெளியே போகிறாள். வேண்டுமானால் நீங்கள் பின்னால் போய், என்ன பதில் சொல்கிறாள் என்று கேளுங்கள். வெளியே பனி, கோட்டு போட்டுக்கொள்ளுங்கள். நான் வரவில்லை. டுவேன் அவள் மீன் ஆறாமலிருக்கத் தாள் நாப்கினை விரித்து மூடிக்கொண்டிருக்கிறார். தலைவர் வேலைக்குச் சம்பளம் உண்டா என்று மெர்ல் கேட்க ஆரம்பித்துவிட்டார்.