ஒழுகாத வீடு

வங்கியின் ஒரு பிரிவு பிளம்பரின் வீட்டை ஜப்தி செய்தது. இன்னொரு பிரிவு, அதே வீட்டின் சுவருக்குள் ஏதாவது ஒழுகுகிறதா என்று பார்த்துச் சொல்லும்படி, தன் பட்டியலில் முதலில் இருந்த பிளம்பருக்குக் கடிதம் அனுப்பியது. அந்த பிளம்பரும் அவர்தான். இரண்டு காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அந்த அலுவலகத்தில் ஒரு நாதியில்லை.

"ஒழுகுதுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்," என்றாள் மனைவி. "விலை தன்னால இறங்கும். ஏலத்துல என் தம்பி எடுத்துடுவான். நாம திரும்பக் குடி வந்துடலாம்."

அவர் வழிநெடுக "ஒழுகுது, ஒழுகுது" என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். அவளும் கையாள் மாதிரி கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கணவர் வாயை அவள் நம்பவில்லை.

வீட்டை மதிப்பிட வந்தவர் ஒரு சந்தேகப் பிராணி. டாக்டர்கள் வைத்திருப்பது போன்ற ஒரு ஸ்டெதஸ்கோப்பைக் குளியலறைச் சுவரில் வைத்து, கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வீட்டைப் பறிகொடுத்துட்டுப் போறவங்க சும்மா போக மாட்டாங்க. குழாய்க்குள்ள சிமென்ட் ஊத்திட்டுப் போன ஆளெல்லாம் இருக்கான்."

"அடப்பாவமே, இப்படியும் மனுஷங்களா!" என்று உச்சுக்கொட்டினாள் மனைவி.

"போன மாசம் நான் குறையில்லைன்னு எழுதின வீட்டுல கூரை பேந்து விழுந்துடுச்சு. நீங்க ஒரே ஒரு குறை சொல்லுங்க. பாதி விலையா எழுதிட்டு நிம்மதியாப் போயிடுறேன்."

பிளம்பர் வாயைத் திறந்தார். "அது வந்து சார்... சுவருக்குள்ள ஒரு ஜாயின்ட்கூட கிடையாது. தொட்டியிலேருந்து அடுப்படி வரைக்கும் ஒரே பைப்பு..." மனைவி அவர் காலை நறுக்கென்று மிதித்தாள். "அதான் சந்தேகமா இருக்கு," என்று முடித்தார்.

கைப்பம்பைக் குழாயில் மாட்டித் தண்ணீரை அழுத்தி ஏற்றினார். எங்கேயாவது கசிந்தால் மீட்டர் முள் இறங்கும். முள் பத்தில் நின்றது. அரைமணி நேரம் ஆகியும் இம்மி அசையவில்லை. தன் கையால் போட்ட பைப்பு; அவருக்குப் பெருமையில் நெஞ்சு விம்மியது. மனைவியின் பார்வை முதுகைத் துளைத்தது. வேறு வழியில்லாமல், தரையைத் துடைப்பது போலக் குனிந்து பம்பின் வால்வை மயிரிழை அளவு திருகிவிட்டார். முள் ஒன்பதுக்கு வந்தது, பிறகு ஏழுக்கு.

மதிப்பீட்டாளர் முகத்தில் அப்படியொரு களை. "நான் சொல்லல? எந்தக் கத்துக்குட்டி போட்ட பைப்போ! இவனை நம்பி எவ குடும்பம் நடத்தினாளோ!"

கருவிப் பை தொப்பென்று தரையில் விழுந்தது.

"யாரைக் கத்துக்குட்டிங்கிறீங்க? பதினாறு வருஷம் இந்த வீட்டுல பாத்திரம் கழுவினவ நான். ஒரு சொட்டு ஒழுகினதில்ல. என்னங்க, மொதல்ல அந்த வால்வை மூடுங்க!"

பிளம்பர் மூடினார். மறுபடி அழுத்தியதும் முள் பத்துக்கு ஏறி அங்கேயே நின்றது. மதிப்பீட்டாளர் முள்ளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஸ்டெதஸ்கோப்பைச் சுருட்டிப் பையில் போட்டார்.

"துரத்தப்பட்டவங்களே சாட்சி சொல்ற வீட்டை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல," என்றபடி 'குழாய்கள் முதல் தரம்' என்று எழுதி, விலையையும் கூட்டிப் போட்டார். அந்த விலைக்குத் தம்பி தன்னையே விற்றாலும் கட்டாது.

தெருவுக்கு வந்ததும் அவள் அழுதாள். தன்னைத் திட்டினாள், அவரைத் திட்டினாள், அந்தப் பைப்பையும் விடவில்லை. அவருக்கும் வயிறு எரிந்தது. ஆனால் வெட்கங்கெட்ட ஒரு சந்தோஷமும் கூடவே வந்து தொலைத்தது. முனை திரும்பும்வரை அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

"பதினாறு வருஷத்துல என் வேலையைப் பத்தி நீ ஒரு வார்த்தை நல்லதாச் சொன்னதில்லையே."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"ஒழுகியிருந்தா சொல்லியிருப்பேன்."