ஜீப்புக்குக் காலைக் குளிப்பு

கொழும்பில் வாங்கிய பழைய சின்ன ஜீப்பைத் தீவிலுள்ள தன் ஊரான சரவணைக்குக் கொண்டுவந்த நாள்முதல் வசீகரன் அதைத் தினமும் காலையில் குளிப்பாட்டினார். கடற்காற்றின் உப்புப் பிடித்துவிடக் கூடாதாம். வருடம் முடியுமுன் பிரேக் இறுகியது. சைலன்சர் உக்கி விழுந்தது. அடியில் படுத்துப் பார்த்த மெக்கானிக் ரஜீபன் சொன்ன செலவுக்கு இன்னொரு பாதி ஜீப் வாங்கலாம்.

"அண்ணை, இதைக் கடலுக்கை இறக்கினனீங்களோ?"

"உமக்கென்ன விசரே? நாள் தவறாமல் கழுவுறனான்!"

"எந்தத் தண்ணியிலை?"

"எங்கடை கிணத்துத் தண்ணியிலைதான்."

சொன்ன பிறகுதான் வசீகரனுக்கு உறைத்தது. பவுசர் லொறியில் வந்த நல்ல தண்ணீரில் தேநீர் போட்டுக் கொண்டுவந்த மனைவி கோசலா, கோப்பையை ரஜீபனிடம் நீட்டினாள்.

"கிணத்துத் தண்ணியிலை தேத்தண்ணி போட்டா உப்பெண்டு துப்பிற மனிசன், தம்பி. பாவம், ஜீப்புக்குத் துப்பத் தெரியேல்லை."