அக்காவின் செடியில் எடுத்த கொழுந்து

செடி வளர்ப்பதைப் பற்றி எங்கள் குடும்பத்துக்குச் சொல்லித்தர இந்த உலகத்தில் யாருக்கும் தகுதியில்லை. நான்கு தலைமுறையாக ஒரு முழுத் தேயிலை மலையையே பச்சையாக வைத்திருப்பவர்கள் நாங்கள். ஆகவே தனுஜா அக்கா கொடகவெல டவுனிலிருந்து ஒரு பீஸ் லில்லிப் பூச்செடியைத் தொட்டியோடு வாங்கிவந்து நாங்கள் குடியிருக்கும் லயத்து அறைக்குள் வைத்தபோது, ஒரு நிபுணனுக்குரிய இரக்கத்தோடு அதைப் பார்த்தேன். வெளியே கண்ணுக்கெட்டிய தூரம்வரை செடிதான். உள்ளே இன்னொன்று.

நேர் வெயில் படாமல் ஜன்னலுக்குத் தள்ளி அதற்கு இடம் கொடுத்தாள். விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர் ஊற்றினாள். ஞாயிறுதோறும் ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்தாள். பவுடர் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லையா என்று கேட்டேன். அவள் அடுத்த இலைக்குப் போனாள்.

எட்டு மாதம் கழித்து முதல் மொட்டு வந்தது. அந்த வாரம் பார்த்து, முன்பள்ளி ஆசிரியர் பயிற்சிக்கு அவள் பத்து நாள் இரத்தினபுரி போக வேண்டியிருந்தது.

"பூ விரியிறப்ப நான் இருக்க மாட்டேன் தம்பி. போட்டோ எடுத்து அனுப்பு. வேற ஒண்ணும் செஞ்சிடாத."

ஒன்றும் செய்யாமலிருப்பது நிபுணனுக்கு அழகல்ல. மூன்றாம் நாள் காலை தொட்டியைத் தூக்கி வாசல் வெயிலில் வைத்தேன். நடுவில் கூர்கூராகச் சுருண்டு நாலு கொழுந்து நின்றது. எது மொட்டு என்று அக்கா காட்டியிருக்கவில்லை, நானும் கேட்கவில்லை. கொழுந்தைக் காலத்தில் கிள்ளாவிட்டால் செடி முற்றிவிடும், கிள்ளினால் பக்கத்தில் துளிர்க்கும். தோட்டத்தில் பிறந்த எவனுக்கும் தெரிந்த விஷயம். நாலையும் கிள்ளினேன்.

அம்மா மலையிலிருந்து இறங்கி வந்தபோது இலைகளெல்லாம் தொட்டி விளிம்பில் தொங்கிக் கிடந்தன. முப்பது வருடமாகக் கொழுந்தெடுக்கும் அம்மா, என் கையிலிருந்ததைப் பார்த்தாள்.

"எத்தன கிலோ தேறுச்சு?"

நான் விளக்கத் தொடங்கினேன். அவள் நாலில் ஒன்றை எடுத்து நகத்தால் பிரித்தாள். உள்ளே வெள்ளையாக மடிந்திருந்தது.

"இது தேயில இல்லடா. பூவு."

அந்த நேரத்தில்தான் அக்கா போன் செய்தாள். மொட்டு விரிந்துவிட்டதா என்று கேட்டாள். இன்னும் இல்லை என்றேன். அதில் பொய் ஏதும் இல்லை.

அம்மா தொட்டியை உள்ளே கொண்டுபோய், அடித்துளை வழியே வடியும்வரை தண்ணீர் ஊற்றினாள். மறுநாள் காலையில் செடி எழுந்து நின்றது. மொட்டு மட்டும் இல்லை. இனி வருமா என்று கேட்டேன்.

"வரும். எப்பன்னு அதுகிட்டயே கேளு."

அக்கா திரும்பி வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா குளிக்கப் போனதும் கதவைச் சாத்தினேன். துணியை நனைத்துப் பிழிந்து, ஓர் உள்ளங்கையை இலைக்கு அடியில் கொடுத்து, மெதுவாகத் துடைத்தேன். ஆறாவது இலையில்தான், நான் பேசிக்கொண்டிருப்பது எனக்கே கேட்டது.

"அவ வந்ததும் நானே சொல்லிடுறேன். நீ கொஞ்சம் நிமிந்து மட்டும் நில்லு."

ஏழாவது இலைக்குப் போனேன்.