ஓரத்து வெண்படலம்

அம்மாவின் அடிமுதுகில் இருந்த படுக்கைப்புண்ணை அவள் காலையும் மாலையும் துடைத்துக் கட்டினாள். உப்பு நீரில் நனைத்த துணியை விரலில் சுற்றி, நடுவிலிருந்து விளிம்புக்கு வந்து, அங்கே படிந்திருக்கும் மெல்லிய வெண்படலத்தை வழித்தெடுத்த பின்பே அவளுக்கு மனம் அடங்கும். பத்தொன்பது ஆண்டுகளாக ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளைச் சோதிப்பவள்; தையலில் நீட்டியிருக்கும் எந்தப் பிசிறும் அவள் கட்டைவிரல் நகத்துக்குத் தப்பியதில்லை.

“நான் சட்டையாப் பொறந்திருந்தா என்னைக்கோ கழிச்சுப் போட்டிருப்ப” என்பாள் அம்மா, சுவரைப் பார்த்தபடியே.

புண் மூடினால் அம்மாவை நாற்காலியில் உட்காரவைக்கலாம். உட்கார்ந்துவிட்டால் பகலில் பார்த்துக்கொள்வதாகப் பக்கத்து வீட்டு அத்தை சொல்லியிருந்தாள். இருமுறை நீட்டித்த விடுப்பில் எஞ்சியவை பன்னிரண்டு நாட்கள். மூன்றாம் முறை கிடையாது என்று மேற்பார்வையாளர் கூறிவிட்டார். புண்ணோ மூன்று மாதமாக அங்குலமும் குறையவில்லை.

பதினைந்து நாளுக்கொருமுறை வரும் நர்ஸ் அன்று காலை சற்று முன்னதாக, அவள் புண்ணைத் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வந்துவிட்டாள். கதவருகே நின்று பார்த்தவள், “அக்கா, கையை எடுங்க” என்றாள்.

எடுத்தாள்.

“அது என்னன்னு நினைச்சு வழிக்கிறீங்க?”

“அழுக்கு. தினமும் வருது.”

“அது தோல், அக்கா. எபிதீலியம்னு சொல்லுவோம். உடம்புக்கு வெளியே இருக்கிற உறை அதுதான். வாய்க்குள்ள, குடலுக்குள்ளகூட அதுதான் போர்த்தியிருக்கு. புண்ணு ஆறும்போது ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமா உள்ளே நகர்ந்து வரும்.” நர்ஸ் புண்ணின்மேல் அடித்துப் பார்த்த கைவிளக்கை அணைத்துப் பைக்குள் வைத்தாள். “அம்மாவுக்கு நல்ல உடம்பு. தினமும் விடாம புதுத்தோல் போட்டிருக்கு.”

அவள் விரலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள்.

“இனிமே துடைக்காதீங்க. தண்ணியை ஊத்தினா போதும்.”

“பன்னிரண்டு நாள்ல மூடிடுமா?”

“மூடாதுக்கா.”

நர்ஸ் போன பிறகு அவள் கட்டிலோரத்தில் உட்கார்ந்திருந்தாள். மூன்று மாதம், நாளைக்கு இருமுறை. கணக்கு தானாக வந்து நின்றது. அதைத் துரத்தும் தெம்பு அவளிடம் இல்லை.

“வலிக்குதுன்னு சொன்னா நீ அரைகுறையா விட்டுடுவியோன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுக் கிடந்தேன்” என்றாள் அம்மா. “இதுல நானும்தான் கூட்டு.”

மாலையில் உப்பு நீரை ஊற்றினாள். நீர் வழிந்து பஞ்சில் இறங்கியது. விளிம்பில், காலையில் அவள் விரல் போகாத ஒரு பக்கத்தில், படலம் நனைந்து மினுங்கியது. அவள் நகம் தானாக முன்னே போனது. கையை இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

“முடிஞ்சுதா?”

“இன்னும் இல்ல.”

“என்ன பண்ணிக்கிட்டிருக்க?”

“ஒண்ணும் பண்ணாம இருக்கேன்மா.”

தொடைக்கடியில் இருந்த விரல்கள் படுக்கைவிரிப்பின் ஓரத்தில் ஒரு பிசிறைக் கண்டுபிடித்திருந்தன. அதை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்று சுற்றினாள். இழுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.