நாற்பத்தெட்டுப் பேர் ஊதிய மூச்சு

நூற்பாலையில் பஞ்சை வாரிச் சீராக்கும் பகுதிக்குக் கார்டிங் என்று பெயர். அங்கே நாற்பத்தெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். இரண்டு வருடங்களுக்கு முன் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பேராசிரியை வந்து, ஆலையில் இருந்த எல்லோரையும் ஒரு குழாயில் மூச்சுப் பிடித்து ஊதச் சொன்னார். "முடிவு வந்ததும் வந்து சொல்றேன்" என்றார். போனவர் போனவர்தான்.

கார்டிங்கில் பதினெட்டு வருடமாக இருப்பவள் ஏனக்கா. எதற்கெடுத்தாலும் "ஏன்?" என்று கேட்பதால் கூட வேலை செய்பவர்கள் வைத்த பெயர். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் மதியத்துக்குள் அவளுக்கு நெஞ்சு இறுகிக்கொள்ளும். வயசாகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் ஆலையின் பணியாளர் அதிகாரி எல்லோரையும் கூப்பிட்டு ஒரு தாளை ஆட்டிக் காட்டினார்.

"அந்த ஆராய்ச்சி பத்திரிகையில வந்தாச்சு. 'நுரையீரலில் குறிப்பிடும்படியான பாதிப்பு இல்லை'ன்னு போட்டிருக்கு. நிம்மதியா வேலையைப் பாருங்க."

"குடுங்க சார், பார்த்துட்டுத் தர்றேன்" என்றாள் ஏனக்கா.

"காப்பிரைட் இருக்கும்மா. கண்டவங்ககிட்ட குடுக்கக் கூடாது."

தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார். நல்ல செய்தியை இவ்வளவு அவசரமாக யாராவது மடிப்பார்களா என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டில் பள்ளி ஆசிரியையான நாத்தனாரிடம் சொன்னாள். அவள் கைப்பேசியில் தேடினாள். தலைப்பு வந்தது, பேராசிரியையின் பெயர் வந்தது, ஆறு வரிச் சுருக்கம் வந்தது. அதன் கீழே ஒரு கட்டம்: முழுக் கட்டுரையையும் படிக்கப் பணம் செலுத்தவும்.

"எவ்வளவாம்?"

"ஒருநாள் பார்க்க உங்க நாலு நாள் கூலி, அண்ணி."

"ஊதினது நாம. நாம படிக்க நாமளே காசு குடுக்கணுமா? சுருக்கத்துல என்ன இருக்கு?"

"பகுதிக்குப் பகுதி முடிவு மாறுதுன்னு இருக்கு. எந்தப் பகுதிக்கு என்னன்னு உள்ளதான் தெரியுமாம்."

"நல்லதா இருந்தா ஏன் பூட்டி வைக்கிறாங்க?"

மறுநாள் இதை ஆலையில் சொன்னதும் பக்கத்து எந்திரத்தில் வேலை பார்ப்பவர், எல்லோரும் மீசை என்று கூப்பிடுபவர், குரலைத் தணித்துக்கொண்டார். "அந்தம்மா முதலாளி கார்லதான் வந்து இறங்குச்சு. கண்ணால பார்த்தேன். பெட்டி கைமாறியிருக்கும்." ஏனக்காவும் ஆமாம் போட்டாள். வாரக் கடைசிக்குள் அந்தப் பேச்சுக்குக் கைகால் முளைத்து, பேராசிரியை வீட்டுக்கு மாடி எடுத்துவிட்டார் என்பதுவரை போய்விட்டது.

ஒரு நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு ஏனக்கா பல்கலைக்கழகத்துக்கே போனாள். கோப்புகள் குவிந்த சின்ன அறை. ஆலையின் பெயரையும் கார்டிங்கில் இருப்பதையும் சொன்னதும் பேராசிரியை முகம் மாறியது.

"உங்களை யார் அனுப்பினாங்க?"

"என் காலு. கட்டுரையைக் குடுங்க மேடம்."

"முடியாது. வெளியிடற உரிமையைப் பத்திரிகைக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

"நீங்க எழுதினதை நீங்களே குடுக்க முடியாதா?"

"கேட்கப் பைத்தியக்காரத்தனமாத்தான் இருக்கு. ஆனா அப்படித்தான்."

ஏனக்கா ஒரு சொல்லைக்கூட நம்பவில்லை. மேசைமேல் கிடந்த ஒரு கடிதத்தில் ஆலையின் முத்திரை இருந்தது. அவள் பார்ப்பதைக் கண்டு பேராசிரியை அதைச் சட்டென்று கவிழ்த்தார்.

"எங்க ஆலைக் கடுதாசி இங்க ஏன் மேடம்?"

ஏனக்கா நகராமல் நின்றாள். கடைசியில் பேராசிரியை கடிதத்தைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினார். வக்கீல் நோட்டீஸ். கட்டுரையைத் தொழிலாளர்களிடம் கொடுத்தால் பதிப்பகத்திடம் புகார் செய்வோம், நீங்கள் உரிமையை மீறியதாக வழக்கு வரும் என்று எழுதியிருந்தது.

"முந்தாநாள் வந்துச்சு. நான் குடுக்கிறேனான்னு பார்க்க உங்களை அனுப்பியிருக்காங்கன்னு நினைச்சேன். முடிவைச் சொல்ல மூணு தடவை வந்தேன், ஆலை வாசல்லயே திருப்பி அனுப்பிட்டாங்க. உங்க பகுதி முடிவு நல்லா இல்லைங்க. வேணும்னா இப்பவே வாயால சொல்றேன்."

"வாயால சொன்னா யார் நம்புவா? நானே நம்ப மாட்டேன். அச்சுல வேணும்."

வேறு வழி இருக்குமா என்று கேட்கப் பேராசிரியை அவளை நூலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நூலகர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "பத்திரிகைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுத்த ஒப்பந்தம் இருக்கா?" என்றார். கணினியில் திறந்து விரலால் வரிவரியாகத் தேடினார். ஏழாம் பக்கத்தில் விரல் நின்றது.

"பத்திரிகைக்காரங்க அழகா அச்சுக்கோத்த பிரதியைத்தான் குடுக்கக் கூடாது. அவங்க ஏத்துக்கிட்ட, நீங்க டைப் பண்ணின கடைசிப் பிரதியை, கட்டுரை வெளிவந்து ஆறு மாசம் கழிச்சு நம்ம நூலக இணையதளத்துல போடலாம். ஆறு மாசம் முடிஞ்சு பதினோரு நாள் ஆச்சு, மேடம்."

"இப்படி ஒண்ணு இருக்கா?"

"ஏன் மேடம், படிக்காமலா கையெழுத்துப் போட்டீங்க?" என்றாள் ஏனக்கா. பேராசிரியை காது சிவந்து நின்றார்.

அரை மணி நேரத்தில் கட்டுரை இணையத்தில் ஏறியது. யாரும் காசில்லாமல் எடுக்கலாம். பேராசிரியை அட்டவணையை விளக்கினார். அதிகாரி படித்த வரி ஆலையின் அலுவலக ஊழியர்களைப் பற்றியது. கார்டிங் அடுத்த வரியில் இருந்தது: நாற்பத்தெட்டில் இருபத்தொன்பது பேருக்கு மூச்சுத்திறன் குறைவு.

"இதுல நான் இருக்கேனா?"

பேராசிரியை தனியாக வைத்திருந்த பட்டியலைப் பார்த்துவிட்டு ஆமாம் என்று தலையசைத்தார். ஏனக்கா அதற்கு மட்டும் "ஏன்?" என்று கேட்கவில்லை. நூலகர் கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அட்டவணையை நகல் எடுத்துத் தரச் சொன்னாள்.

மறுநாள் அட்டவணையின் நகல் கார்டிங்கில் ஒவ்வொரு கையிலும் இருந்தது. அதிகாரி அவளை அறைக்குக் கூப்பிட்டார்.

"யார் குடுத்தா இதை?"

"யாரும் குடுக்கல சார். பல்கலைக்கழகத்து நூலக இணையதளத்துல இருக்கு. நீங்களும் எடுத்துக்கலாம்."

அவர் நம்பாமல் தானே தட்டிப் பார்த்தார். வந்தது. பக்கத்தை மூடிவிட்டு மறுபடி தட்டினார். மறுபடியும் வந்தது. வக்கீலுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் என்ன சொன்னார்களோ, "சரி, சரி" என்று வைத்துவிட்டார்.

தூசி உறிஞ்சும் விசிறிகள் வர நான்கு மாதம் ஆயிற்று. ஏனக்காவைத் தூசி குறைவான நூல் சுற்றும் பகுதிக்கு மாற்றினார்கள். பேராசிரியை அடுத்த கட்டுரையை, எழுதுபவரிடமும் படிப்பவரிடமும் காசு வாங்காத ஒரு சின்னப் பத்திரிகைக்கு அனுப்பினார். பதவி உயர்வுக்கு அது உதவாது என்று துறைத்தலைவர் முறைத்தாராம்.

இருபத்தொன்பது பேரையும் ஆலைச் செலவில் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப ஏற்பாடானது. இருபத்தெட்டுப் பேர் போனார்கள். மீசை மட்டும் மறுத்துவிட்டார்.

"கட்டுரையைக் காசு குடுத்தாதான் காட்டுவேன்னாங்க. இப்ப சும்மா காட்டுறாங்க. உள்குத்து இல்லாம இருக்குமா?"

பேராசிரியை மாடி எடுக்கவில்லை, வாடகை வீட்டில்தான் இருக்கிறார், பெட்டி எதுவும் கைமாறவில்லை என்று ஏனக்கா எவ்வளவோ சொன்னாள். தன் வாயும் சேர்ந்து வளர்த்த பேச்சு என்பதால் அவளால் கோபப்படவும் முடியவில்லை. மூன்றாம் நாள் மீசையின் மனைவியே வந்து, அவர் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றினாள். வழியெல்லாம் அவர், டாக்டருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே போனாராம்.