தூங்கப்பன் கரடி

சின்னப் பிள்ளைகளுக்கான படக்கதையில் ஓர் ஆளுக்கு ஒரு குணம்தான் கொடுக்க வேண்டும் என்பது நித்யஸ்ரீயின் விதி. ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் படிக்கிற பிள்ளைகள் எழுத்துக் கூட்டிக்கொண்டிருக்கும்போதே கண் படத்துக்கு ஓடிவிடும். அங்கே நிற்பது யார் என்று பார்த்த உடனே தெரிய வேண்டும். வெறும் நிழலாக வரைந்தாலும் தெரிய வேண்டும். குரங்கு என்றால் எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டிருக்கும். மயில் என்றால் தண்ணீரில் முகம் பார்க்கும். இரண்டாவது குணம் ஒன்றைச் சேர்த்தால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்பாள்.

அவள் என் மனைவி. படம் அவள் போடுவாள். படத்துக்குக் கீழே வருகிற வரிகளை நான் எழுதுவேன். வரிக்கு நான்கு சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்பது என் விதி. கோவையில் எங்கள் வீட்டு மாடி அறையில் இந்த வேலை நடக்கிறது. ஆர்டர் கொடுக்கும் பள்ளிகளுக்கும், பிள்ளைகள் எழுதுகிற கடிதங்களுக்கும் பதில் போடுவதும் என் பொறுப்புதான்.

அந்தக் கடிதங்களில் பாதிக்கு மேல் தூங்கப்பனுக்கு வருபவை. தூங்கப்பன் ஒரு கரடி. காட்டில் திருவிழா நடக்கட்டும், வெள்ளம் வரட்டும், அவன் தூங்கிக்கொண்டிருப்பான். மல்லாந்து படுத்து, ஒரு காலை மடித்து அதன்மேல் இன்னொரு காலைப் போட்டு, கண்ணின் மேல் துண்டு, வாய் திறந்தபடி. மற்ற மிருகங்கள் அவனைத் தாண்டித் தாண்டி வேலை செய்யும். கடைசிப் பக்கத்தில் எல்லாரும் சேர்ந்து ஒரே குரலில், “தூங்கப்பண்ணா, எந்திரிங்கோ!” என்று கத்துவார்கள். அவன் விழித்துப் பார்த்து, “என்னங்க, விடிஞ்சிருச்சுங்களா?” என்பான். வகுப்பறைகளில் அந்தப் பக்கம் வந்ததும் கூரை பிய்ந்துவிடும் என்று டீச்சர்கள் எழுதுவார்கள். நான்கு புத்தகம் வந்துவிட்டது. ஐந்தாவதுக்கு அச்சகத்தில் இடம் பிடித்து வைத்திருந்தோம்.

இந்தக் கரடி யார் என்று நாங்கள் இரண்டு பேரும் யோசித்ததே இல்லை. கண்டுபிடித்தவன் சாய்சரண். நித்யஸ்ரீயின் அண்ணன் மனோஜ்குமாருடைய மகன். மனோஜ்குமார் சோமனூரில் விசைத்தறி ஓட்டுகிறார். இவன் அங்கேதான் இரண்டாம் வகுப்பு படிக்கிறான்.

விஷயத்தை அவனுடைய அம்மா மானசாதான் போனில் சொன்னார். நித்யஸ்ரீ ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வண்ணம் தீட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னத்தச் சொல்றது நித்யா. ஸ்கூல்ல பேரண்ட்ஸ் மீட்டிங்னு இவரையும் இழுத்துட்டுப் போனேன். கடேசி பெஞ்சுல போய் உக்காந்தாரு. டீச்சரம்மா பேச ஆரம்பிச்சதும் தூங்கிப்போட்டாரு. அதான் உனக்குத் தெரியுமே. தலைய அண்ணாந்துட்டு, வாயத் தொறந்துட்டு, மூஞ்சி மேல துண்டு வேற.”

“அய்யோ, அப்புறமுங்க அண்ணி?”

“அப்புறம் என்ன. நம்ம சாய் எந்திரிச்சு நிக்கறான். ‘டீச்சர், எங்கத்தை போட்ட தூங்கப்பன் எங்கப்பாதான் டீச்சர்’ங்கறான். பசங்க அத்தன பேரும் திரும்பிப் பாத்தாங்க. ஒருத்தன் ஆரம்பிச்சான் பாரு, கிளாஸே ஒண்ணாக் கத்துச்சு. தூங்கப்பண்ணா, எந்திரிங்கோன்னு. இவரு தூக்கிவாரிப் போட்டு எந்திரிச்சு, ‘என்னங்க’ன்னாரு பாரு. டீச்சரம்மா போர்டப் பாத்துத் திரும்பிட்டாங்க, சிரிப்புத் தாங்காம.”

நித்யஸ்ரீயும் சிரித்துவிட்டாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். “அண்ணன் என்ன சொன்னாருங்க?”

“அங்க எல்லாருகூடவும் சேந்து சிரிச்சாரு. ஊட்டுக்கு வந்து சோறு வேண்டாம்னுட்டாரு. டீக்கடைல இப்பப் பெரிய ஆளுகளே, ‘ஏனுங்க கரடியாரே, நேரமே எந்திரிச்சுட்டீங்களாட்டம் இருக்குது’ங்கறாங்களாம். டீ குடிக்கப் போறதையே உட்டுப்போட்டாரு.”

போனை வைத்ததும் நித்யஸ்ரீ நான்கு புத்தகங்களையும் தரையில் விரித்து வைத்தாள். மடித்த கால்மேல் கால். கண்மேல் துண்டு. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“நான் வேணும்னு பண்ணலைங்க,” என்றாள் என்னிடம்.

அது எனக்குத் தெரியும். தூங்குகிற ஆள் ஒன்று வேண்டும் என்றபோது கைக்கு வந்ததை வரைந்திருக்கிறாள், அவ்வளவுதான்.

இது நடந்த நேரம்தான் சரியில்லை. எங்கள் மகள் கனிஷ்காவுக்குக் காது குத்த நாள் பார்த்திருந்தோம். எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். மாமன் மடி இல்லாமல் காது குத்துகிற பத்தர் ஊசியைக் கையில் எடுக்கமாட்டார். நித்யஸ்ரீக்கு உடன்பிறந்தவர் ஒரே அண்ணன்.

வெற்றிலை பாக்குத் தட்டோடு அழைக்கப் போனோம். மனோஜ்குமார் வாசலுக்கே வந்துவிட்டார்.

“வாங்க மாப்ள. வாங்க, உள்ள வாங்க. உக்காருங்க. காப்பி சாப்புடுங்க.”

தங்கையைப் பார்த்தும் அதே குரலில், “நீங்களும் உக்காருங்க,” என்றார்.

எங்கள் ஊர்ப் பக்கம் மரியாதை எல்லாருக்கும் பொது. ஆனால் கூடப் பிறந்த தங்கைக்கு ‘நீங்க’ போட்டால் அது மரியாதை அல்ல, கதவைச் சாத்துவது. தட்டை வாங்கிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. “தறியில ஆளு கெடைக்கறதில்லீங்க மாப்ள. அன்னைக்கு எப்படியோ தெரியலீங்க,” என்றார். மானசா சமையலறை வாசலில் நின்று என்னைப் பார்த்துக் கையை விரித்தார்.

காரில் ஏறியதும் நித்யஸ்ரீ அழுதாள். “என்னைய ‘நீங்க’ன்னு சொல்லிப்போட்டாருங்க. கால்ல போட்டு மிதிச்சிருந்தாக்கூடத் தேவலை.”

எங்கள் வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெருந்துறையில் அவளுடைய பெரியப்பா மகன் கிருபாசங்கர் இருக்கிறார், அவரும் அண்ணன் முறைதான், அவர் மடியில் வைத்துக் குத்திவிடலாம் என்றார்கள். கிருபாசங்கரும் தயார்தான். பட்டு வேட்டியே எடுத்துவிட்டதாகக் கேள்வி.

நித்யஸ்ரீ ஒரே பேச்சில் முடித்தாள். “கூடப் பொறந்தவன் இருக்கறப்ப அடுத்தவன் மடியில என்ற புள்ளைய வெக்கமாட்டேன். மூளிக்காதாவே இருக்கட்டும்.”

அடுத்த நாளே ஐந்தாவது புத்தகத்தை எடுத்துவைத்துக்கொண்டு தூங்கப்பனை மாற்ற ஆரம்பித்தாள். முதலில் துண்டை எடுத்தாள். பிறகு காலை நீட்டினாள். பிறகு எழுப்பி நிற்கவே வைத்துவிட்டாள். கரடி பக்கத்துக்குப் பக்கம் விழித்துக்கொண்டு நின்றது. நான் வரி எழுத உட்கார்ந்தேன். ‘தூங்கப்பன் நின்றான்.’ அடுத்த பக்கம், ‘தூங்கப்பன் இன்னும் நின்றான்.’ அதற்கு மேல் ஒன்றும் ஓடவில்லை. மற்ற மிருகங்கள் தாண்டிப் போக யாரும் குறுக்கே படுத்திருக்கவில்லை என்பதால் கதையே நகரவில்லை.

“எனக்கு வரி வரலை,” என்றேன்.

“வராட்டிப் போகுது. அண்ணன்கிட்டக் காட்டிப்போட்டு வந்துரலாம், வாங்க,” என்றாள்.

சோமனூர் போய்ச் சேர்ந்தபோது மதியம் சாய்ந்திருந்தது. அன்று மின்சார வாரியத்தின் மாதாந்திர ஷட்டவுன். தெருவே வேறு ஊர் போல் இருந்தது. தறிகள் ஓடுகிற நாளில் அந்தத் தெருவில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதுகூடக் கேட்காது. மனோஜ்குமார் தறிக்குடோனில்தான் இருந்தார். கரண்ட் வருவதற்குள் அறுந்த பாவு நூல்களை முடிந்துகொண்டிருந்தார்.

“வாங்க மாப்ள. வாங்க.”

நித்யஸ்ரீ படத்தாள்களை நூல்பெட்டியின் மேல் வைத்தாள். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசிவரை போய், மறுபடி முதலிலிருந்து வந்தார்.

“இது யாருங்க?”

“தூங்கப்பன்தாங்ணா. மாத்திட்டேன்.”

“என்னத்துக்கு முழிச்சுட்டு நிக்கறான்?”

“சும்மா நிக்கறானுங்க.”

“சும்மா நிக்கறவன எவன் எழுப்புவான்? மாப்ள, நீங்க படிச்சவுங்க, சொல்லுங்க. பசங்க கடேசிப் பக்கத்துல என்னத்தக் கத்துவாங்க?”

நான் எனக்கும் அதே சந்தேகம்தான் என்றேன். நித்யஸ்ரீ என்னை முறைத்தாள்.

“தூங்கறவனப் போட்டதுக்கு எனக்குக் கோவமில்ல அம்மணி,” என்றார். குரல் இறங்கியிருந்தது, ‘நீங்க’வும் போயிருந்தது. “தூங்கத்தானே தூங்கினேன். இப்பவும்தான் தூங்கறேன். ராத்திரித் தறிக்கு ஆளில்லைன்னா நான்தான் நிக்கறேன். ஆனா நாலு புஸ்தகம் போட்டியே. அந்தக் காட்டுல அத்தனை மிருகம் இருக்குது. ஒண்ணாவது, இவன் எதுக்கு இப்படித் தூங்கறான்னு ஒரு வார்த்தை கேட்டுச்சா?”

நித்யஸ்ரீ விழித்து நின்ற கரடியைப் பார்த்தாள்.

“அப்பா போனப்ப நீ ரெண்டாங்கிளாஸ். சாய் இப்பப் படிக்கறானே, அதே கிளாஸ். நான் பள்ளிக்கூடத்த உட்டுப்போட்டு ராத்திரித் தறி ஓட்டினேன். பகல்ல உழுந்து கெடந்தேன். அது உனக்கு வெளையாட்டாப் போச்சு.”

“வெளையாட்டு இல்லீங்ணா.” அவளுக்கும் குரல் ஏறிவிட்டது. “ஸ்கூல் உட்டு ஓடி வருவேன். நீ படுத்திருப்பே. என்ற டிராயிங் நோட்ட வெச்சுட்டு உன்ற தலமாட்டுலயே உக்காந்திருப்பேன், எந்திரிச்சாக் காட்டலாம்னு. நான் தூங்கினப்புறம் நீ எந்திரிச்சுத் தறிக்குப் போயிருவே. வருஷக்கணக்கா உன்ற முழிச்ச மூஞ்சியவே நான் பாக்கலையே. எதைப் பாத்து வரைவேன்?”

மனோஜ்குமார் நூலை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார்.

“எழுப்பியிருக்கலாம்ல.”

“எழுப்புனாக் கையை ஒடிச்சுப்போடுவேன்னு அம்மா சொல்லி வெச்சிருந்துச்சு.”

“அம்மாவா?”

“ஆமா. பாவம், புள்ள ராவெல்லாம் நிக்கறான், சத்தம் போடாதடின்னு.”

கடைசிப் பக்கம் ஏன் எப்போதும் அந்தக் கத்தலில் முடிகிறது என்று நான் ஒருநாளும் அவளைக் கேட்டதில்லை. பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்பதால்தான் என்று நினைத்திருந்தேன்.

“உன்ற நோட்ட நான் பாக்கலைதான்,” என்றார் அவர் கடைசியில். “பொய் சொல்லக் கூடாது. ஒண்ணுகூடப் பாக்கலை.”

நித்யஸ்ரீ தாள்களை அடுக்கினாள். “காரணத்தப் போட்டர்றேங்ணா. மொதப் பக்கத்துல, காடே தூங்கறப்ப இவன் மட்டும் எல்லாரூட்டுக் குடத்துலயும் தண்ணி ஊத்தி வெக்கற மாதிரி ஒரு படம். இவரு வரி எழுதவே வேண்டாம். படமே சொல்லும்.”

“போட்டாப் பசங்க சிரிக்கமாட்டாங்களா?”

“சிரிப்பாங்க. ஆனா எழுப்பறப்பக் கொஞ்சம் மெதுவா எழுப்புவாங்க.”

அவர் யோசித்தார். நூல் முடிகிறவர் யோசிக்கிறபோதும் விரல் நிற்பதில்லை. இரண்டு இழைகள் முடிச்சாகிவிட்டன.

“அப்ப வேண்டாம்,” என்றார். “மெதுவா எழுப்ப வேண்டாம். அன்னைக்கு கிளாஸ்ல எனக்கு மானம் போச்சு, நெசந்தான். ஆனா அதுலேருந்து சாய் ஸ்கூல் உட்டு வந்ததும் நேரா என்ற மேல ஏறி உக்காந்துட்டு அதையே கத்தறான். முன்னாடியெல்லாம் நான் தூங்கறேன்னு பையன் பூனையாட்டம் நடப்பான். அவுங்கம்மாவும் விரலக் காட்டி மெரட்டி வெச்சிருந்தா. இப்பத்தான் அவங்கூட நாலு வார்த்தை பேசறேன். நல்லாச் சத்தமாவே எழுப்பட்டும்.”

“அப்பக் காரணம்?”

“நீ காது குடுத்துக் கேட்டேயில்ல, போதும். ஊருக்கு எதுக்கு?”

பிறகு என் பக்கம் திரும்பி, “மாப்ள, வாயத் தொறந்துட்டுத் தூங்கறதை மட்டும் கொஞ்சம் மூடச் சொல்லுங்க. டீக்கடைல என்ற வாய்க்கிட்ட ஈ ஓட்டிக் காட்டினானுக,” என்றார்.

“வாய மூடுனா அது தூங்கப்பன் இல்லீங்ணா,” என்றாள் நித்யஸ்ரீ.

“பாத்தீங்களா மாப்ள! இவளக் கட்டிக்கிட்டு எப்படிங்க காலந்தள்றீங்க?”

பக்கத்திலிருந்த தறியின் சட்டத்தில் கையை வைத்துக்கொண்டு அவள் கேட்டாள். வீட்டிலிருந்து கிளம்பியதே இதைக் கேட்கத்தான். “அண்ணா, காது குத்துக்கு...”

கரண்ட் வந்துவிட்டது. குடோன் முழுக்க ஒரே நேரத்தில் தறிகள் விழுந்தடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தன. அவள் வாய் அசைந்தது. எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. அவரும் ஏதோ சொல்லிப் பார்த்தார். பிறகு விட்டுவிட்டார்.

தறிக்குடோனில் வளர்ந்தவர்கள் சத்தத்தை மீறிப் பேசுவதில்லை, கையால் பேசுவார்கள். மனோஜ்குமார் தன் காது மடலைக் கிள்ளிக் காட்டினார். பிறகு தொடையில் இரண்டு முறை தட்டினார். அதைப் புரிந்துகொள்ள எனக்குத் தறி தெரிந்திருக்க வேண்டியதில்லை.

நித்யஸ்ரீ தலையாட்டினாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு விரலை மடக்கி ஏதோ கேட்டாள். அவர் பதிலுக்குக் கையை அகல விரித்து, தலையில் எதையோ சுமப்பதுபோல் காட்டினார். மாமன் சீர்த் தட்டுகளைச் சொல்கிறார் என்று யூகித்தேன். பிறகு அவர் என்னைப் பார்த்து, மூக்கின் கீழே விரலை வைத்து, மீசையை முறுக்குவதுபோல் சுற்றி, மேலே தூக்கினார். நித்யஸ்ரீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

காரில் ஏறிக் கதவைச் சாத்தியதும், “என்னைப் பார்த்து உங்கண்ணன் என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“அது எங்க தறிக்காரங்க பாஷைங்க. உங்களுக்கு எதுக்கு? வண்டிய எடுங்க,” என்றாள். கருமத்தம்பட்டி தாண்டும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள்.